பூட்டிய அறைக் கொலையை அரைமணி வானொலி நாடகமாக எழுதுவது: முழுமையான வழிகாட்டி

உள்ளே தாழிட்ட ஓர் அறை, அதற்குள் ஒரு பிணம், வெளியேற வழியே இல்லாத இடத்திலிருந்து வெளியேறிவிட்ட கொலையாளி. இந்த வகைக் கதையைக் காதால் மட்டும் கேட்கும் நாடகமாக எழுத விரும்புகிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி. சில ஆண்டுகளாக ஒரு சிறு குழுவோடு சேர்ந்து இத்தகைய நாடகங்களை எழுதியும் பதிவுசெய்தும் வருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: நாவலைப்போல எழுதிவிட்டு, வருணனைகளை நீக்கினால் நாடகம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். நாவல் வாசகர் சந்தேகம் வந்தால் பத்துப் பக்கம் பின்னால் புரட்டிப் பார்ப்பார். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவையே.

விளக்கத்துக்காக நான் கட்டிய ஓர் எடுத்துக்காட்டு நாடகம் கடைசிவரை உடன் வரும். அதன் விடை முதற்படியிலேயே சொல்லப்படும். மற்றவர்களுடைய கதைகளின் விடைகளை எங்கும் வெளியிடவில்லை.

தொடங்கும் முன் தேவையானவை

எழுத உட்காரும் முன் ஒன்றைக் கேட்டும் ஒன்றைப் படித்தும் வைத்திருக்க வேண்டும். இரண்டுமே ஜான் டிக்சன் கார் எழுதியவை. அமெரிக்கரான அவர் (1906–1977) பூட்டிய அறை நாவல்களிலும் வானொலியிலும் ஒருசேர உழைத்தவர் என்பதால், இரண்டு வடிவங்களும் எங்கே பிரிகின்றன என்பதை அவரிடம் கற்பது எளிது.

கேட்க வேண்டியது, அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியின் ‘சஸ்பென்ஸ்’ தொடரில் 1943 மார்ச் 16 அன்று ஒலிபரப்பான ‘கேபின் பி-13’. புதுமணப் பெண் ஒருத்தி கணவனோடு கப்பலில் ஏறுகிறாள். சற்று நேரத்தில் கணவனைக் காணவில்லை. அவர்கள் தங்கிய அறையே அந்தக் கப்பலில் இல்லை என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். முதல் முறை கதைக்காகக் கேளுங்கள். இரண்டாம் முறை தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, முதல் முறை ஒரு பொருளும் விடை தெரிந்தபின் வேறொரு பொருளும் தருகிற வசனங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்களுடைய முதல் பாடநூல்.

படிக்க வேண்டியது 1935இல் வெளிவந்த ‘தி ஹாலோ மேன்’. அதன் 17ஆம் அத்தியாயத்தில் துப்பறிவாளரான டாக்டர் ஃபெல் கதையை நிறுத்தி வைத்துவிட்டு, பூட்டிய அறைக் கொலைகள் எத்தனை வகைப்படும் என்று உரை நிகழ்த்துகிறார். அந்த அத்தியாயத்தை மட்டும் பிரித்துப் படிக்க வேண்டாம். உத்திகளின் பட்டியலாக அதை எடுத்துக்கொள்கிறவர்கள் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கியெடுத்து நாடகம் எழுதுகிறார்கள். கேட்பவர்களில் நான்கு பேராவது அதே பட்டியலைப் படித்தவர்களாக இருப்பார்கள்.

இவை தவிர, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் உண்மையான கதவு, வினாடி முள் உள்ள கடிகாரம், பதிவுசெய்யக்கூடிய கைபேசி, வெவ்வேறு குரல்வளம் கொண்ட ஐந்து பேர் ஆகியவை தேவை. கதவைப் பலர் வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் படிக்கு வரும்போது காரணம் விளங்கும்.

1. விடையை முதலில் இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள்

புதியவர்கள் வியப்பான சூழலை முதலில் எழுதுகிறார்கள்: மணலில் காலடித்தடமே இல்லாத கொலை, ஏழாவது மாடியில் மறைந்துபோன மனிதன். விடை எழுத எழுத வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் ஓர் இரகசியச் சுரங்கவழியோ இரட்டைப் பிறவியோ வந்து நிற்கும். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த துப்பறியும் கதை விதிகள் ஒரே ஓர் இரகசிய அறையையோ வழியையோ அனுமதிக்கின்றன. வானொலியில் அந்த ஒன்றையும் அனுமதிக்கக் கூடாது என்பேன். வீட்டையே பார்க்காத ஒருவரிடம் அந்த வீட்டில் மறைவான வழி உண்டென்று கடைசியில் சொல்வது ஏமாற்றுவதாகும்.

ஆகவே விடையை முதலில் எழுதுங்கள். இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்க வேண்டும் என்பது கட்டாயம். நாடக இறுதியில் விளக்கத்துக்குக் கிடைக்கப்போவது நான்கைந்து நிமிடங்கள்தாம், கேட்பவர் அதைத் தாளில் குறித்துக்கொள்ளப் போவதில்லை. எங்கள் எடுத்துக்காட்டின் விடை இது:

“அறை தாழிடப்படவே இல்லை, மழையில் உப்பிய கதவு நிலையில் இறுகிக்கொண்டதைத் தாழ்ப்பாள் என்று மருமகன் எல்லோரையும் நம்பவைத்தான். முன்கூட்டியே கழற்றி வைத்திருந்த, தாழ்ப்பாள் செருகும் நாதாங்கியை, கதவை இடித்துத் திறந்த நொடியில், பிய்ந்து விழுந்ததுபோல் தரையில் போட்டான்.”

மாடியறையில் அவனுடைய மாமனாரான பெரியவர் தூக்கில் தொங்குகிறார், முக்காலி கவிழ்ந்து கிடக்கிறது, தாழ்ப்பாள் நீண்ட நிலையில் இருக்கிறது, நாதாங்கி தரையில் கிடக்கிறது. வெளித்தோற்றம் இவ்வளவுதான்.

2. கதவைத் தொட்டுச் சோதியுங்கள்

தாளில் வேலைசெய்கிற உத்தி கதவில் வேலைசெய்யும் என்று நம்பக் கூடாது. எங்கள் குழுவின் முதல் நாடகத்தில், சாவித்துளை வழியாக நூலைச் செலுத்தித் தாழ்ப்பாளை இழுத்து மூடுவதாக எழுதியிருந்தோம். ஒத்திகை நடந்த வீட்டில் செய்து பார்த்தபோது ஐந்து முறையும் நூல்தான் அறுந்தது. துருவேறிய தாழ்ப்பாள் அசையவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நூல் எந்த ஆணியைச் சுற்றி எந்தப் பக்கம் வருகிறது என்பதை வசனத்தில் விளக்க இரண்டு பக்கம் பிடித்தது. கையால் காட்டாமல் விளக்க முடியாத உத்தி வானொலிக்கு உதவாது.

எடுத்துக்காட்டு நாடகத்துக்குச் சோதித்தபோது மூன்று செய்திகள் தெரியவந்தன. முதலாவது, கதவு உள்நோக்கித் திறப்பதாகவும், தாழ்ப்பாள் கதவின் உட்புறத்திலும் நாதாங்கி நிலையின் உட்புறத்திலும் பொருத்தப்பட்டவையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் நாதாங்கியைக் கழற்றியபின், நீட்டிய தாழ்ப்பாளோடு கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்த முடியும். வெளிநோக்கித் திறக்கும் கதவில் இந்தக் கதையே நடக்காது. இரண்டாவது, திருகாணிகளோடு பிய்ந்து வந்த நாதாங்கி இருந்த இடத்தில் மரம் சிலாம்புசிலாம்பாகப் பிளந்திருக்கும். திருப்புளியால் கழற்றிய இடத்தில் துளைகள் வட்டமாகவும் சுத்தமாகவும் இருக்கும். நாங்கள் எழுதியபோது நினைத்தே பாராத இந்த வேறுபாடு, துணை ஆய்வாளர் கையில் கடைசிச் சான்றாக அமைந்தது. மூன்றாவது ஒலி: உப்பிய கதவு திறக்கும்போது வருவது அடிக்கட்டை தரையில் உராயும் கரகரப்பு, தாழ்ப்பாள் விலகும்போது வருவது உலோகச் சத்தம். இரண்டையும் காது ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. நாடகத்தின் அடித்தளமே இதுதான்.

சோதனையைக் கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள். பத்தாம் படியில் அந்த ஒலிகளையே பயன்படுத்தலாம்.

3. “ஏன் பூட்டினான்?” என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள்

எப்படி என்ற கேள்வியில் மூழ்கி, ஏன் என்பதை மறப்பது மிகப் பரவலான பிழை. கொலை செய்தவன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினால் ஊரில் பத்துப் பேர் மேல் சந்தேகம் பரவும். அவனுக்கு அதுவே வசதி. அறையை அடைக்க அவன் இவ்வளவு பாடுபட்டதற்கு அவன் பக்கத்தில் ஒரு நியாயம் வேண்டும்.

பெரும்பாலான நேரங்களில் பொருத்தமான காரணம், தற்கொலை என்று நம்பவைப்பது. ஆனால் தற்கொலை என்று எல்லோரும் நம்பிவிட்டால் மர்மமே இல்லை. எனவே கொலையாளி அறியாத ஏதோ ஒன்று அந்த நம்பிக்கையை உடைக்க வேண்டும். எங்கள் பெரியவர் அன்று காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறார். மாடிப்படி இறங்கவே முடியாமல் அறையிலேயே இருக்கிறார். சமையற்கார அம்மாவுக்கு மட்டும் அது தெரியும். மாலையில் ஊரிலிருந்து வந்த மருமகனுக்குத் தெரியாது. முக்காலியில் ஏறவே இயலாத ஒருவர் முக்காலியில் ஏறித் தூக்கிட்டுக்கொண்டதாகக் காட்டிவிட்டான். அறையை அடைத்தது அவனுடைய திட்டம். கொலை ‘நடக்க முடியாதது’ ஆனது அவனுக்கு நேர்ந்த விபத்து. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால், கொலையாளி மேதையாக இருக்க வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

4. இரண்டு கால அட்டவணைகள் தயாரியுங்கள்

ஒரே தாளில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் உண்மையில் நடந்தது, வலப்பக்கம் வீட்டார் நம்புவது. மணியை இருபக்கமும் போடுங்கள்.

இரண்டு பத்திகளும் விலகும் இடங்களை எண்ணுங்கள். ஒன்று அல்லது இரண்டு இருந்தால் போதும். நான்கு இடங்களில் விலகினால் கொலையாளி நான்கு பொய்களை நிறுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும், நீங்கள் அந்த நான்கையும் விளக்க வேண்டியிருக்கும். எங்கள் அட்டவணை ஒரே இடத்தில்தான் விலகுகிறது: எட்டரை மணிக்கு மருமகன் வெளியே வந்தபின் பெரியவர் உள்ளே தாழிட்டுக்கொண்டார் என்று வீட்டார் நம்புகிறார்கள், உண்மையில் அப்போது அவர் உயிரோடில்லை.

5. ஒவ்வொரு துப்பையும் ஒலியாக மாற்றுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்துச் செலவிடும் நேரத்தைச் செலவிடுங்கள்.

நாவலில் துப்பு என்பது ஒரு சொற்றொடருக்குள் மறைந்து கிடக்கும் பொருள். நாடகத்தில் அதே துப்பை ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால், சொன்ன உடனேயே அது துப்பு என்று தெரிந்துவிடுகிறது. “இதோ பாருங்கள், கதவடியில் உராய்ந்த தடம்!” என்று ஒருவர் கூவினால் மர்மம் அந்த இடத்திலேயே பாதி போயிற்று. புதியவர்களின் பிரதியில் இத்தகைய ‘இதோ பாருங்கள்’களைத்தான் முதலில் அடித்துத் தள்ளுவேன்.

மாற்றுவழி, துப்பை ஒலியாகக் கேட்கவைத்து, அந்த ஒலிக்கு வேறொரு காரணத்தை வசனத்தில் கொடுப்பது. முதல் காட்சியில் மருமகன் கதவைத் தட்டுகிறான். காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை. தாழ்ப்பாள் விலகும் ‘ணங்’. பிறகு கதவின் கரகரப்பு. அதையடுத்து:

“வாங்க மாப்பிள்ளை. வயசாச்சு பாருங்க, எழுந்து வர்றதுக்குள்ள விடிஞ்சுரும்.”

“கீலுக்கு எண்ணெய் விடணும் மாமா. தெருமுனை வரைக்கும் கேக்குது.”

இரண்டே வரிகள். இழுத்து நடப்பதற்கு முதுமை காரணமாகிவிட்டது. கரகரப்புக்குக் கீல் காரணமாகிவிட்டது. கேட்பவரின் மனம் இரண்டு ஒலிகளையும் சூழல் ஓசை என்று ஒதுக்கிவிடும். ஆனாலும் அவை காதில் விழுந்திருக்கின்றன, யாரும் பொய் சொல்லவும் இல்லை. பெரியவருக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டது.

இன்னொரு நுட்பம், ஒலியின் இன்மையைத் துப்பாக்குவது. இதற்கு ஒரு கட்டாய முன்நிபந்தனை உண்டு: ஓர் ஒலி இல்லாததைக் கேட்பவர் உணர வேண்டுமானால், அது இருந்தால் எப்படி இருக்கும் என்று முன்னரே கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் முதல் காட்சியில் ‘ணங்’, கரகரப்பு என்ற வரிசை தெளிவாக ஒலிக்கிறது. இரண்டாம் காட்சியில் கீழ்த்தளத்தில் மகளும் சமையற்கார அம்மாவும் பேசிக்கொண்டிருக்கும்போது, மாடியிலிருந்து கரகரப்பு மட்டும் வருகிறது. மருமகன் இறங்கி வந்து, “மாமா படுத்துட்டார், தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார்” என்கிறான். மூன்றாம் காட்சியில் கதவை இடிக்கிறான்: தோள் மோதும் சத்தம் மூன்று முறை, நீண்ட கரகரப்பு, கதவு சுவரில் அடிக்கும் சத்தம். இடையில் உலோகம் பிய்யும் ஒலி இல்லை. பிறகு, “நீ உள்ளே வராதே!” என்று மனைவியைத் தடுத்து அவன் கத்தும்போது, அந்தக் கத்தலின் அடியில், தரையில் விழும் சிறிய உலோகச் சத்தம். நாதாங்கி விழுந்தபின் கதவு திறக்கவில்லை. கதவு திறந்தபின்தான் நாதாங்கி விழுந்தது.

எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அரைமணி நாடகத்தில் மூன்று துப்புகளுக்கு மேல் காது தாங்காது. முக்கியமான ஒவ்வொன்றும் இரண்டு முறையாவது ஒலிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் வந்த ஒலியைக் கேட்பவர் தவறவிட்டிருந்தால், அது அவர் குற்றமன்று. இரண்டு முறையும் ஒரே வேகத்தில், ஒரே உரப்பில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல்நீட்டிக் காட்டியதுபோல் ஆகிவிடும்.

6. குரல்களைக் குறைத்து, பிரித்து வையுங்கள்

ஐந்து குரல்களுக்கு மேல் வேண்டாம். பெரியவர், மருமகன், மகள், சமையற்கார அம்மா, துணை ஆய்வாளர். பெரியவர் முதற்காட்சியோடு முடிந்துவிடுகிறார் என்பதால் அதே நடிகரைத் துணை ஆய்வாளராகவும் பேசவைக்கலாம் என்று சிக்கனம் பார்க்கத் தோன்றும். அதைச் செய்தோம், கேட்டவர்களில் ஒருவர், செத்தவரே போலீஸ் வேடத்தில் திரும்பி வந்திருக்கிறார் என்று கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய விடை எங்களுடையதைவிடச் சுவையானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உறவுமுறை விளியைக் குரலடையாளமாகப் பயன்படுத்துங்கள். மருமகன் ‘மாமா’ என்பான், மகள் ‘அப்பா’ என்பாள், சமையற்கார அம்மா ‘ஐயா’ என்பார். யார் பேசுகிறார்கள் என்று தனியாக அறிவிக்க வேண்டிய தேவை இதனால் பெருமளவு குறையும். ஆங்கில நாடகங்களில் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி அழைத்தே நகர்த்த வேண்டியிருக்கும் இடத்தைத் தமிழ் இயல்பாகவே கடந்துவிடுகிறது.

7. காட்சிகளை நிமிடங்களில் அளந்து அடுக்குங்கள்

இருபத்தெட்டு நிமிடம் என்று கொள்வோம். அறையை அறிமுகப்படுத்தும் முதற்காட்சி ஐந்தாம் நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கதவு உடைபடுவது பத்தாம் நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விசாரணைக்கு எட்டு நிமிடம், தவறான விடை ஒன்றுக்கு மூன்று நிமிடம், விளக்கத்துக்கு ஐந்து. எழுதிய பக்கங்களை எண்ணி நேரத்தைக் கணிக்காதீர்கள். வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள். இடிக்கும் காட்சி தாளில் ஆறு வரிதான், ஒலியில் ஒன்றரை நிமிடம் பிடிக்கும்.

அறையின் அமைப்பை முதல் மூன்று நிமிடங்களில், கதவு எத்தனை, சன்னல் எத்தனை, கம்பி உண்டா என்ற அளவில் சொல்லி முடித்துவிட வேண்டும். பிணம் கிடைத்தபின் சொன்னால் அது தகவலாகிவிடும். முன்பே, வேறு பேச்சுக்கிடையில் சொன்னால் கேட்பவர் அந்த அறைக்குள் இருந்துவிட்டு வந்தவர் ஆகிறார். “ஒரே சன்னல், அதுலயும் கம்பி. இந்தப் புழுக்கத்துல எப்படி மாமா இருக்கீங்க?” என்ற வரி போதும்.

கதைசொல்லி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். நேரத்தைச் சேமிக்க அவர் உதவுவார். 1943இல் பி.பி.சி. தொடங்கிய ‘அப்பாயின்ட்மென்ட் வித் ஃபியர்’ தொடரில் நடிகர் வாலன்டைன் டையலின் ‘கறுப்பு உடை மனிதர்’ குரல் அந்தப் பணியைச் செய்தது. அந்தத் தொடருக்கும் கார் நிறைய எழுதினார். ஆனால் ஒரு விதி: பாத்திரங்கள் பொய் சொல்லலாம், கதைசொல்லி சொல்லக் கூடாது. “பெரியவர் தாழிட்டுக்கொண்டார்” என்று கதைசொல்லி சொன்னால் நாடகம் மோசடி. அதே செய்தியை மருமகன் சொன்னால் அது துப்பு.

8. தவறான விடை ஒன்றைக் கட்டி, உடையுங்கள்

கேட்பவர் மனத்தில் இயல்பாக எழும் முதல் விடை எதுவோ, அதை ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லவைத்து, உரிய காரணத்தோடு உடைத்துவிடுங்கள். எங்கள் நாடகத்தில் மகள், சன்னல் வழியாக யாரோ வந்திருக்க வேண்டும் என்கிறாள். துணை ஆய்வாளர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுகிறார். அந்த ஒலி நேர்மையின் முத்திரை. இதைச் செய்யாவிட்டால், கேட்பவர் கடைசிவரை சன்னலையே நினைத்துக்கொண்டிருப்பார். கதவைப் பற்றி நீங்கள் வைத்த எதுவும் அவர் காதில் ஏறாது.

ஒன்று போதும். நாவலில் ஐந்து போலி விடைகள் அழகு. இங்கே இரண்டாவதே சுமை.

9. கோடு கிழித்துவிட்டு விளக்கக் காட்சியை எழுதுங்கள்

சி.பி.எஸ். 1939இல் தொடங்கிய, எல்லரி குவீன் என்ற துப்பறிவாளரின் நாடகத் தொடரில், விடைக்குச் சற்று முன் நாடகத்தை நிறுத்தி, நிலையத்துக்கு வந்திருக்கும் விருந்தினர்களிடம் கொலையாளி யார் என்று கேட்பார்கள். ஜாக் ஃபட்ரெல் 1905இல் சிறையறையிலிருந்து தப்பும் ‘தி பிராப்ளம் ஆஃப் செல் 13’ கதையைப் பாஸ்டன் நாளிதழில் தொடராக எழுதியபோதும், வாசகர்களே விடை அனுப்பப் பரிசு அறிவிக்கப்பட்டது. இந்தப் பழக்கத்தை எழுதும் முறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியில் துப்புகள் அனைத்தும் வந்து முடிந்த இடத்தில் சிவப்புக் கோடு ஒன்று கிழியுங்கள். கோட்டுக்குக் கீழே எந்தப் புதிய உண்மையும் வரக் கூடாது. வட்டமான திருகாணித் துளைகள் கூட, என்ன பொருள் என்று சொல்லப்படாவிட்டாலும், கோட்டுக்கு மேலேயே ஒருமுறை பேச்சில் வந்துவிட வேண்டும்.

விளக்கத்தைத் துணை ஆய்வாளரின் ஒரே நீண்ட பேச்சாக எழுதாதீர்கள். மூன்று நிமிடம் ஒருவரே பேசினால் கேட்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அவர் ஒரு கேள்வி கேட்கட்டும், சமையற்கார அம்மா விடை சொல்லட்டும்:

“அம்மா, இந்தக் கதவு நல்லாத் தாழ்ப்பாள் போட்டிருந்து உடைஞ்சா என்ன சத்தம் கேக்கும்?”

“படீர்னு இரும்பு சத்தம் கேக்குமுங்க ஐயா… அன்னிக்கு எனக்கு அது கேக்கலையே.”

இங்கே இடித்த காட்சியின் ஒலியை அப்படியே மறுபடி ஒலிக்கவிடுங்கள். நாவலாசிரியர் பக்க எண் போட்டுக் காட்டும் இடத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் கருவி இது: கேட்பவர் தாம் ஏற்கெனவே கேட்டதையே கேட்டு, இம்முறை புரிந்துகொள்கிறார். இந்த வகை நாடகத்தைத் தேடித்தேடிக் கேட்பவர்கள் அந்த ஐந்து வினாடிக்காகத்தான் கேட்கிறார்கள் என்பது என் கணிப்பு. மறுஒலிபரப்புக்காகத் தனியாகப் பதிவுசெய்து சற்றே தெளிவாக்கிவிடலாம் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரே பதிவு இரண்டு முறை ஒலிக்க வேண்டும்.

10. பதிவுசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

மழை ஓசையைத் தொடர்ந்து ஓடவிடாதீர்கள். மழை துப்பின் ஒரு பகுதி என்பதால் அது தேவைதான். ஆனால் கைபேசியில் கேட்பவருக்கு மழையும் கரகரப்பும் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடும். காட்சி தொடங்கும்போது மழையை உயர்த்தி, பேச்சு தொடங்கியதும் தாழ்த்தி, கதவுச் சத்தம் வருமுன் ஏறத்தாழ நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதை யாரும் உணர்வதில்லை.

மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையிலுள்ள தொலைவை மைக்குக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள தொலைவாலேயே காட்டுங்கள். கணினியில் எதிரொலி சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த பதிவுகள் பெரும்பாலும் குகைக்குள் பேசுவதுபோல்தான் வந்தன.

11. விடை தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டுங்கள்

பிரதியைப் படிக்காத ஆறேழு பேரை உட்காரவைத்து, சிவப்புக் கோடுவரை மட்டும் ஒலிக்கவிடுங்கள். பிறகு மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: அறைக்கு எத்தனை வழிகள்? கதவு உடைந்தபோது என்னென்ன கேட்டீர்கள்? யார், எப்படி?

முதல் கேள்விக்குப் பாதிப் பேர் தவறான விடை எழுதினால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். எங்கள் இரண்டாவது நாடகத்தில், அறை மாடியில் இருக்கிறதா கீழே இருக்கிறதா என்றே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் ஒலித்துப்பை மெருகேற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாம் கேள்விக்கு எவருமே உலோகச் சத்தத்தை எழுதாவிட்டால் அது மிகவும் அமுங்கிவிட்டது. எல்லோரும் எழுதினால் மிகவும் உரத்துவிட்டது. இருவர் மூவர் எழுதினால் தொடாதீர்கள். மூன்றாம் கேள்விக்கு ஒருவராவது சரியான விடை எழுதியிருக்க வேண்டும். ஒருவரும் எழுதவில்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம், துப்புகள் போதவில்லை.

அதன்பின் மீதியை ஒலிக்கவிட்டு, அவர்கள் முகங்களைப் பாருங்கள். மறுஒலிபரப்பு வரும் இடத்தில் “அட, கேட்டேனே!” என்று யாராவது சொன்னால் பிரதியை மூடிவிடலாம். “அப்படியா?” என்று மட்டும் கேட்டால், ஐந்தாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள், சோதனைக்கு அடுத்த முறை வேறு ஆறு பேர் வேண்டும், விடை தெரிந்த காது மறுபடி பயன்படாது.